சர்ச் படத்தை ஓரமா வைங்க

எல்லாருக்கும் வணக்கம். பழைய போஸ்ட்கார்டு விக்கிறவன் மைக் புடிச்சு என்ன பேசிடப் போறான்னு நீங்க நினைக்கலாம், தப்பில்ல, நானும் சுருக்கமாத்தான் பேசப்போறேன். இங்கிலாந்து கிராமத்து போஸ்ட்கார்டுன்னு சொன்ன உடனே உங்க கண்ணு முன்னாடி என்ன வருது? வைக்கோல் கூரை வீடு, வாசல்ல ரோஜாக்கொடி, பின்னாடி சர்ச் கோபுரம், இதானே? அந்தக் கார்டைத்தான் யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. போஸ்ட்கார்டு ஃபேர்ல 50 பென்ஸ் பெட்டியில கத்தை கத்தையா கிடக்கும், நாலு பேரு புரட்டிட்டு அப்படியே வச்சுட்டுப் போயிடுவாங்க.

காரணம் ரொம்ப சிம்பிள். பெரிய கம்பெனிக்காரங்க, ரைகேட்ல ஃபிரித், டண்டீல வேலன்டைன், இவங்க ஆளு ஒரு கிராமத்துக்கு கேமராவோட வந்தா முதல்ல எடுக்குறது சர்ச், அடுத்து பாலம், அடுத்து மெயின் ரோடு, முடிஞ்சுது, அடுத்த ஊரு. அதை அச்சடிச்சு வருஷக்கணக்கா வித்தாங்க. ஏ. ஆர். குவின்டன்னு ஒரு ஓவியர் இருந்தாரு, செவனோக்ஸ்ல இருந்த சால்மன் கம்பெனிக்கு வாட்டர்கலர்ல ஆயிரத்துக்கும் மேல வரைஞ்சு குடுத்தாரு, 1934ல இறந்துட்டாரு, ஆனா கார்டு அதுக்கப்புறமும் வந்துகிட்டே இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா அந்த ஊர்ல மழையே பெய்யாது, தெருவுல சேறே இருக்காது, ஒருத்தனும் வேலை செய்ய மாட்டான்.

காசு எங்க இருக்குன்னா அந்தக் காலத்துல அந்தந்த ஊரு லோக்கல் போட்டோகிராஃபர் எடுத்த கார்டுல. சைக்கிள்ல கேமராவைக் கட்டிக்கிட்டு, பக்கத்து ஊர்ல வெள்ளம்னா ஓடுவாரு, ரயில் கவிழ்ந்துச்சுன்னா ஓடுவாரு, 1911ல அஞ்சாம் ஜார்ஜ் முடிசூட்டுக்கு ஊர்ல தோரணம் கட்டினா அங்க நிப்பாரு. எடுத்த படத்தை போட்டோ பேப்பர் கார்டுலயே பிரிண்ட் போட்டு, படத்துல இருக்கிற ஆளுங்களுக்கே விப்பாரு. மொத்தமே கொஞ்சம் காப்பிதான், அதான் விலை. ரியல் போட்டோன்னு இதைச் சொல்லுவோம். எப்படிக் கண்டுபிடிக்கிறது? பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க, புள்ளி புள்ளியா தெரிஞ்சா அச்சு, புள்ளியே இல்லாம வழவழன்னு இருந்தா பெரும்பாலும் போட்டோ, பழசுன்னா ஓரத்துல இருட்டான இடத்துல வெள்ளி மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். அடியில வெள்ளை எழுத்துல கையால ஊர்ப் பேர் இருக்கும், அது கண்ணாடி நெகட்டிவ்ல மையால தலைகீழா எழுதினது, பல தடவை ஒரு எழுத்து திரும்பிக்கிட்டு நிக்கும், எனக்கு அதைப் பாத்தாலே சந்தோஷம்.

சஃபோக் பக்கத்துக் கார்டு ஒண்ணு என்கிட்ட வந்துச்சு. மளிகைக்கடை, போர்டுல ஓனர் பேரு பெருசா, கதவுப் பக்கம் ஃப்ரைஸ் சாக்லேட் விளம்பரத் தகடு, கடைக்காரரு ஏப்ரன் கட்டிக்கிட்டு நெஞ்சை நிமித்தி நிக்குறாரு, டெலிவரி பையன் கூடை வச்ச சைக்கிளைப் புடிச்சிருக்கான், கீழ ஒரு நாய், அது மட்டும் தலையை ஆட்டிடுச்சு, அதனால ரெண்டு தலை மாதிரி கலங்கிப்போயி இருக்கு. அழகுன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. ஆனா அந்தக் குடும்பத்துப் பேரன் பேத்தி யாரோ ஒருத்தர் ஆன்லைன்ல அந்தக் கடைப் பேரை அடிச்சுத் தேடிக்கிட்டே இருப்பாங்க பாருங்க, அவங்களுக்கு 30 பவுண்டு ஒரு பெரிய விஷயமே இல்ல. அதனால விக்கிறவங்க தலைப்புல "பழைய கிராமம்"னு போடாதீங்க, போர்டுல என்ன எழுதியிருக்கோ அதைப் போடுங்க, கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, அந்தப் பேரும் போடுங்க, "சட்டன்"ங்கிற ஒரு பேர்ல மட்டும் எத்தனை ஊரு இருக்கு தெரியுமா. கவுண்டியும் பழைய கணக்குதான், 1974ல ஹன்டிங்டன்ஷயரை கேம்பிரிட்ஜ்ஷயரோட சேத்துட்டாங்க, கார்டு பெட்டியில இன்னும் சேக்கல.

வருஷம் பாக்கணும்னா கார்டைத் திருப்புங்க. பிரிட்டன்ல கார்டு வந்தது 1870 அக்டோபர் 1, அரை பென்னி, படமெல்லாம் கிடையாது. 1894லதான் தனியாருங்க படம் போட்டு விக்கலாம்னு விட்டாங்க, ஆனா பின்பக்கம் முழுக்க அட்ரஸுக்கு, சேதியை படத்துப் பக்கம் இடுக்குல எழுதணும். 1902ல நடுவுல கோடு போட்டு பாதி சேதி பாதி அட்ரஸ்னு ஆச்சு, அதுக்கப்புறம் ஊரே பைத்தியமா வாங்குச்சு. ஒரு நாளைக்குப் பல தடவை தபால் வரும், காலையில போட்டு "சாயங்காலம் டீக்கு வரேன்"னு எழுதுவாங்க, அப்போ அதுதான் வாட்ஸ்ஆப். 1918ல தபால் கட்டணத்தை ஒரு பென்னி ஆக்கினாங்க, அதனால உள்ளூருக்குப் போன கார்டுல அரை பென்னி ஸ்டாம்ப் மட்டும் இருந்தா அதுக்கு முந்தினதுன்னு வச்சுக்கலாம். அந்தப் பச்சை ஸ்டாம்பை உரிச்சு எடுத்து வச்சிருப்பாங்க சிலரு, ஸ்டாம்புக்கு மதிப்பே இல்ல, உரிச்சதுல கார்டு போச்சு, வயிறு எரியும்.

இன்னொரு வகை இருக்கு, ஊரே இல்லாமப் போன கார்டு. டெவன்ல ஹால்சாண்ட்ஸ்னு மீனவர் கிராமம், கடலை ஒட்டிப் பாறைமேல வரிசையா வீடு. பிளிமத்ல கடற்படை டாக்யார்டு பெருசாக்கணும்னு 1897ல இருந்து அந்தக் கரையில சரளையை டன் டன்னா வாரினாங்க, கரை இறங்கிடுச்சு, ஊர்க்காரங்க கத்தினாங்க, 1902ல நிறுத்தினாங்க, ஆனா போன சரளை திரும்ப வரல. 1917 ஜனவரி புயல்ல ஊரு காலி. முன்னாடி எடுத்த கார்டுல வலை காயுது, பொம்பளைங்க வாசல்ல நிக்குறாங்க, பின்னாடி எடுத்ததுல சுவர் மட்டும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, வாரினவன் பேரை யாரும் கார்டுல போடல. டார்செட்ல டைன்ஹாம், வில்ட்ஷயர்ல இம்பர், ரெண்டையும் 1943 டிசம்பர்ல ராணுவம் காலி பண்ணுச்சு, ஜனங்க திரும்பவே இல்ல. டார்பிஷயர்ல டெர்வென்ட் கிராமம் லேடிபவர் அணைக்குள்ள முழுகிப்போச்சு, சர்ச் கோபுரம் மட்டும் தண்ணிக்கு மேல துருத்திக்கிட்டு நின்னுச்சு, 1947ல அதையும் வெடி வச்சுட்டாங்க. சர்ச் விக்காதுன்னு சொன்னேன்ல, அந்தக் கோபுரம் கார்டுல கிடைச்சா யாருக்கும் குடுத்துடாதீங்க, என்கிட்ட வாங்க.

போன கூட்டத்துல ஒருத்தங்க கேட்டாங்க, பாட்டி வச்ச ஆல்பம் கிடைச்சா முழுசா விக்கலாமா பிரிச்சு விக்கலாமான்னு. ஒரே வீட்டு அட்ரஸுக்கு அக்கா தங்கச்சி வருஷக்கணக்கா எழுதிக்கிட்டதா இருந்தா, வரிசையாப் படிச்சா ஒரு குடும்பத்துக் கதையே இருக்கும், பிரிச்சா ஊருக்கு ஒண்ணா போயிடும். ஸ்கேன் எடுத்து வச்சுக்கோங்க, அது முதல் வேலை. ஆனா நேரா சொல்றேன், பிரிச்சாத்தான் காசு, நான் பிரிச்சுத்தான் விக்கிறேன். டெவன் பெட்டி இடது பக்கம் மேஜையில இருக்கு, கையைத் துடைச்சுட்டு எடுத்துப் பாருங்க.