மோட்டார் முதலில், பல்பு பிறகு

வணக்கம். கரண்ட் போனால் என்ன செய்வது என்று வன்னி ஆட்களுக்கு யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. ஜாம் போத்தல் விளக்கிலும் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்டும் கரண்டே இல்லாத யுத்தகாலத் தொண்ணூறுகளைக் கடந்தவர்கள் நாங்கள். ஆனால் இப்போது வீட்டு விசேஷத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோமே சின்ன ஜெனரேற்றர், அதில் பொருட்களை எரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். நானும் எரிக்கப் பார்த்தவன்தான்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சாமத்தியவீடு. என்னுடைய எஞ்சின் 2500 வாட்ஸ். மணவறைக்கு 500 வாட்ஸ் ஹலஜன் இரண்டு, நாலு ஃபேன், பாட்டுப் பெட்டி, எல்லாம் சேர்த்து ஒரு 1600. சமையலுக்குத் தண்ணீர் முடிந்துவிட்டது, அரைக் குதிரைவலு மோட்டாரைப் போடச் சொன்னார்கள், அது 600 வாட்ஸ், கூட்டினால் 2200தானே என்று சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் ஒருதரம் முக்கியது. ஹலஜன் இரண்டும் சிவந்து மங்கின, பாட்டு இழுபட்டது, கிணற்றடியில் மோட்டார் உறுமுகிறதே தவிரச் சுற்றவில்லை. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கும்போது கொயில், அதுதான் மோட்டாருக்குள்ளே இருக்கிற கம்பிச் சுருள், சூடேறிய வாசம் வந்துவிட்டது.

கணக்கில் பிழை எங்கே என்றால், ஓடும்போது 4 அம்பியர் இழுக்கிற மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு கேட்கும், அதாவது 20 அம்பியருக்கு மேல். என் எஞ்சினால் முழுதாகத் தரக்கூடியதே 11 அம்பியர்தான், அதில் ஏழு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. வோல்ட்டேஜ் விழுகிறது, விழுந்ததால் மோட்டாருக்குச் சுற்றப் பலமில்லை, சுற்றாததால் அந்த 20 அம்பியரைக் கேட்டுக்கொண்டே நிற்கிறது. கொயில் கருகுவது இப்படித்தான்.

அதனால் எஞ்சின் ஓடிச் சமநிலைக்கு வந்ததும் முதலில் மோட்டாரைப் போடுங்கள், தனியாக. அதுவே எஞ்சினுக்குப் பாரம்தான், ஆனாலும் ஒரு நொடி மூச்சைப் பிடித்துத் தாங்கிவிடும். அப்புறம் ஃபேன், அப்புறம் லைட், ஒவ்வொன்றாக. ஃப்ரிட்ஜ் இருந்தால் கவனம், அது உங்களைக் கேட்காமல் தானே நின்று தானே கிளம்பும், அதற்கென்று எப்போதும் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். வோல்ட்டேஜ் பார்க்கிற ஒரு மீற்றர் கையில் இருந்தால் நல்லது. 230 காட்ட வேண்டியது 210க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் எதையாவது கழற்றுங்கள்.

வயரையும் மறந்துவிடுவோம். 200 அடி தள்ளியிருக்கிற கிணற்றுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தால், 20 அம்பியர் ஓடும்போது வயருக்குள்ளேயே கிட்டத்தட்ட 30 வோல்ட் தொலைந்துபோகும். 2.5 வயர் போட்டால் அது 18 அளவுக்கு இறங்கும். எஞ்சினையே கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போவது இன்னும் மலிவு.

கோயில் திருவிழாவுக்கு வருகிற திறீ பேஸ் எஞ்சினில், அதாவது மூன்று தனி லைனில் கரண்ட் தருகிற எஞ்சினில், வேறொரு கூத்து. 6 கேவிஏ என்று எழுதியிருக்கும், அது எஞ்சின் மொத்தமாகத் தாங்கும் அளவு, ஆனால் ஒரு பேஸுக்கு 2 கேவிஏதான். பந்தல், சவுண்ட், அன்னதான மடம் எல்லாவற்றையும் ஒரே பேஸில் கொழுவினால் அந்தப் பேஸில் வோல்ட்டேஜ் விழும், மற்ற இரண்டில் ஏறவும் கூடும். மூன்றுக்கும் பிரித்துக் கொழுவுங்கள்.

ஜெனரேற்றர் கரண்டை வீட்டுப் பிளக்கில் திருப்பிச் சொருகுகிற பழக்கம் மட்டும் வேண்டாம், வெளியே லைனில் ஏறி நிற்கிறவரின் உயிர் அது. எஞ்சினை விறாந்தைக்குள் வைக்கவும் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும்.

கேத்தில் போடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அது ஒன்றே 1500, 2000 வாட்ஸ் தின்னும். தேத்தண்ணியை விறகடுப்பில் வையுங்கள்.