விலை கொடுத்து மீட்கப்பட்ட அரசர்

நண்பர்களே, டிராய் என்றதும் மரக்குதிரை நினைவுக்கு வரும், ஹெலன் நினைவுக்கு வருவாள். அந்த நகரத்தை ஆண்ட கிழவரைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. இன்று நான் பேச வந்தது அவரைப் பற்றித்தான்: பிரியாம்.

பெற்றோர் வைத்த பெயர் பொடார்கஸ். அப்பா லவோமெடான் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர். கடல் பூதத்திடமிருந்து மகள் ஹெசியோனியை மீட்டால் தெய்வக் குதிரைகளைத் தருவதாகக் கிரேக்க மாவீரன் ஹெராக்ளிஸிடம் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் கையை விரித்தார். ஹெராக்ளிஸ் படையோடு வந்து அவரையும் மகன்களையும் கொன்றான். எஞ்சியவன் பொடார்கஸ் மட்டும். அவனை விடுவிக்க ஹெசியோனி விலை கொடுக்க வேண்டியிருந்தது. தலையில் போட்டிருந்த முக்காட்டைக் கழற்றிக் கொடுத்தாள். கிரேக்க மொழியில் 'விலைக்கு வாங்குவது' என்ற சொல்லிலிருந்து பிரியாம் என்ற பெயர் வந்ததாகக் கதை சொல்கிறது.

அந்தப் பையன் வளர்ந்து செல்வம் கொழிக்கும் அரசரானார். தமக்கு 50 மகன்கள் என்று அவரே சொல்கிறார். அதில் 19 பேர் பட்டத்தரசி ஹெக்குபா பெற்றவர்கள். ஹெலனைக் கொண்டுவந்த பாரிஸ் ஒரு மகன். நடக்கப்போவதைச் சொல்லியும் யாரும் நம்பாத கசாண்ட்ரா ஒரு மகள். நகரத்தைத் தாங்கிய தூண் ஹெக்டர்.

அந்த ஹெக்டரை, ஹெலனுக்காக டிராயோடு போரிட வந்த கிரேக்கப் படையின் வீரன் அகில்லீஸ் கொன்றான். உடலைத் தேரில் கட்டி நாள்தோறும் புழுதியில் இழுத்தான். அப்பா அதைத் தாங்குவாரா? மிஞ்சிய மகன்களைத் திட்டித் தீர்த்து வண்டி பூட்டச் சொன்னார். பொன்னும் துணிமணியும் ஏற்றிக்கொண்டு, ஒரு முதிய கட்டியக்காரரோடு இரவில் எதிரி பாசறைக்குக் கிளம்பினார். தேவர்களின் தூதன் ஹெர்மிஸ் வழிகாட்டினான்.

அப்புறம் நடந்ததைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் தம் இலியட் காவியத்தின் கடைசிப் பகுதியில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். கிழவர் அகில்லீஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தம் மகன்களைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறார். 'உன் அப்பாவை நினைத்துப் பார்' என்கிறார். அகில்லீஸுக்குத் தூரத்தில் தனியாக இருக்கும் பெலியஸ் நினைவுக்கு வருகிறார். இருவரும் அழுகிறார்கள், ஒருவர் மகனுக்காக, இன்னொருவன் அப்பாவுக்காகவும் ஹெக்டர் கொன்ற தன் நண்பனுக்காகவும்.

சிறு வயதில் ஒரு முக்காட்டுக்கு மீட்கப்பட்டவர், கிழவயதில் மகனின் உடலை மீட்கப் பொன்னோடு வந்து நிற்கிறார். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்த நாளிலிருந்து அந்தப் பெயரை என்னால் சாதாரணமாக உச்சரிக்க முடியவில்லை.

அகில்லீஸ் உடலைக் கிழவர் கண்ணில் படாமல் கழுவச் சொல்கிறான். பார்த்து அவர் கொதித்தால் தானும் கொதித்துவிடுவோமோ என்ற பயம் அவனுக்கு. பிறகு அவனே உடலைத் தூக்கிப் பாடையில் கிடத்துகிறான். இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். 'ஈமச் சடங்குக்கு எத்தனை நாள் வேண்டும்?' என்று கேட்கிறான். பதினோரு நாள் என்கிறார் பிரியாம். 'சரி, அதுவரை போரை நிறுத்துகிறேன்' என்று சொல்லி, கிழவர் பயப்படாதிருக்க அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறான்.