வீட்டார் மறைத்து வைத்த பேரரசர்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

கி.பி. 41 ஜனவரி. ரோமப் பேரரசர் கலிகுலாவை அவருடைய மெய்க்காவல் படையினரே வெட்டிக் கொன்றுவிட்டார்கள். அரண்மனையில் ஒரே களேபரம். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அவருடைய சித்தப்பா கிளாடியஸை ஒரு வீரன் வெளியே இழுத்தான். உயிர் போகப்போகிறது என்று பயந்து அவர் காலில் விழ, அவனோ அவரையே பேரரசர் என்று வணங்கினான்.

அப்போது அவருக்கு வயது 49. அதுவரை அவருக்கு யார் மரியாதை கொடுத்தார்கள்? காலை இழுத்து நடப்பார், பேச்சு திக்கும். பெற்ற தாய் அந்தோனியாவே அவரை அரைகுறைப் பிறவி என்று ஏசியதாக ரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். சபையில் காட்டவே குடும்பத்தார் கூச்சப்பட்டார்கள். ஒதுக்கிவைக்கப்பட்டவர் புத்தகங்களோடு உட்கார்ந்தார். இத்தாலியின் பழங்குடியினரான எட்ரூஸ்கர்களின் வரலாற்றை 20 பாகங்களாக எழுதினார்.

பதவிக்கு வந்த பின் 43-இல் பிரிட்டன் மீது படையெடுத்தார், ரோமுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான ஓஸ்டியா அருகே துறைமுகம் கட்டினார். இதெல்லாம் பெரிய காரியங்கள்தான். ஆனால் என் மனதைத் தொடுவது வேறொன்று. நோயாளி அடிமைகளுக்கு வைத்தியம் பார்க்க மனமில்லாத எஜமானர்கள், ரோமில் ஓடும் டைபர் நதித் தீவிலிருந்த மருத்துவக் கடவுள் ஈஸ்குலேப்பியஸ் கோயிலில் அவர்களை விட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கைவிடப்பட்டவர் பிழைத்தால் அவர் சுதந்திர மனிதர், கைவிடுவதற்குப் பதிலாகக் கொன்றால் அது கொலைக் குற்றம் என்று கிளாடியஸ் உத்தரவு போட்டார். ஒதுக்கப்படுவதன் வலி அறிந்த மனிதரின் சட்டம் அது என்றே நான் நம்புகிறேன்.

சரி, அவர் குற்றமற்றவரா? இல்லை. அவர் காலத்தில் ரோமின் மேல்குடி ஆலோசனை மன்றமான செனட்டின் உறுப்பினர்கள் 35 பேர் உயிரிழந்தார்கள். பெற்ற மகன் பிரிட்டானிகஸ் இருக்க, மனைவி அக்ரிப்பினாவின் மகன் நீரோவைத் தத்தெடுத்து மூத்த வாரிசாக்கினார். 54-இல் அவர் இறந்தபோது, அவளே விஷம் வைத்தாள் என்று ஊரெல்லாம் பேச்சு.

இத்தனைக்கும் நடுவே, 48-இல் செனட்டில் அவர் ஆற்றிய உரையை வாசித்துப் பாருங்கள். கால் (Gaul) எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியின் தலைவர்களைச் செனட்டில் சேர்க்கலாமா என்பது கேள்வி. அவர்கள் அன்னியர், நம் முன்னோரோடு போரிட்டவர்கள் என்று எதிர்ப்பு. கிளாடியஸ் வரலாற்றைப் புரட்டினார். நம் பழைய அரசர் நூமா அண்டை இனமான சபைன் நாட்டவர், இன்னொரு அரசர் தார்குவினின் தந்தை கிரேக்க நகரமான கொரிந்துவிலிருந்து வந்தவர், அன்னியரைச் சேர்த்துக்கொண்டுதானே ரோம் வளர்ந்தது என்று வாதாடினார். நடுவில் பேச்சு எங்கெங்கோ போக, செனட்டர்களுக்கு விஷயத்தைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது என்று தன் பெயரைச் சொல்லித் தன்னையே அழைத்துக்கொள்கிறார்! அந்த வரி அப்படியே வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்டு, 1528-இல் பிரான்ஸின் லியோன் நகரில் கிடைத்தது. தீர்மானம் நிறைவேறி, கால் நாட்டின் எதுவி குலத்தார் முதலில் செனட்டுக்குள் வந்தார்கள்.