பாறையடிப் பாதை

நேயர்களுக்கு வணக்கம். பாறை ஏறுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் பாறையடிக்கு நடந்து போகிற பாதையைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இந்தியன் கிரீக் என்று ஓர் இடம். செக்கச்செவேலென்று நெட்டுக்குத்தான மணற்பாறைச் சுவர்கள். நூல் பிடித்தாற்போல் இறங்கும் வெடிப்புகளில் கையைச் செருகி ஏறுவதற்கென்றே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். சுவருக்குக் கீழே இருக்கும் சரிவோ வெறும் உதிரி மண்ணும் கல்லும்தான். ஆளாளுக்கு ஒரு குறுக்குவழி போட்டால், அடுத்த மழையில் அந்தத் தடமெல்லாம் வாய்க்காலாகிவிடும்.

சமதரையில் இன்னொரு சங்கடம். மண்ணின் மேல் கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் பின்னிக்கொண்டு மண் பறக்காமல் பிடித்து வைத்திருக்கும் உயிர்ப்படலம் அது. ஒரு மிதி போதும், நொறுங்கிவிடும். மறுபடி வளரப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். நானும் தெரியாமல் மிதித்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

ஆக, எல்லாரும் நடக்க ஒரே பாதை வேண்டும். 1991-இல் தொடங்கிய அக்சஸ் ஃபண்ட் என்ற அமைப்பு, பாறை ஏறுகிறவர்களுக்கே இந்த வேலையைக் கற்றுத் தருகிறது. நான் கல்படி போடக் கற்றது அப்படியொரு தன்னார்வக் குழுவில்தான். முதல் கல்லைக் கடப்பாரையால் நெம்பி, மண் மேல் அழகாக உட்கார வைத்தேன். குழுத்தலைவி வந்து அதன் ஓரத்தில் ஓங்கி மிதித்தார். டக்கென்று ஆடியது. "எடுத்துவிட்டு இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள்" என்றார். கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் போக வேண்டும். இடுக்கில் மண் போட்டால் மழையில் கரைந்துவிடும்; கல்லை உடைத்துச் சல்லியாக்கி இடித்து இறுக்க வேண்டும். மேல்படி கீழ்ப்படியின் முதுகில் ஏறி உட்கார வேண்டும். அந்த ஒரு கல்லுக்கே எனக்கு அரை நாள் ஆனது.

அப்புறம் வாட்டம். மொட்டைமாடிக்கு நம் கொத்தனார் கொடுப்பாரே, அதேதான். பாதையின் வெளி ஓரம் லேசாகத் தாழ்ந்திருந்தால், வருகிற தண்ணீர் குறுக்கே கடந்து போய்விடும். மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு போகக்கூடாது. போனால் தண்ணீர் பாதையையே பிடித்துக்கொண்டு ஓடும்.

வல்லூறும் பொன்னாங்கழுகும் கூடு கட்டும் காலத்தில் அந்தச் சுவர்கள் பக்கமே போவதில்லை. மழை பெய்தாலும் ஏறுவதில்லை. நனைந்த மணற்பாறை வலுவிழந்து, பிடித்த பிடி கையோடு வந்துவிடும். அப்படி ஒரு மழை நாளில், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் படிகளைப் பார்க்கப் போனேன். செந்நிறத் தண்ணீர் என் கல்லுக்கு மேலேயே திரும்பி, பாதையைக் குறுக்கே கடந்து, புதருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஏறி ஓங்கி மிதித்துப் பார்த்தேன். கல் அசையவில்லை.