வினையூக்கி இருக்கட்டும், குழாயைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நம் வயலுக்கு வரும் யூரியாவில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவில் பிறந்தது. வாயுவில் உள்ள மீத்தேனையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்க்குள் அனுப்பினால், ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கும். யூரியாவுக்கும் மெத்தனாலுக்கும் அதுதான் முதல் படி.

எல்லோரும் வினையூக்கியைத்தான் புகழ்வார்கள். நான் பல வருடமாகப் புலம்புவது குழாயைப் பற்றி. இந்த வினை சூட்டை விழுங்கிக்கொண்டே இருக்கும். 800 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அதனால் பத்து மீட்டருக்கும் நீளமான குழாய்களை, பெரிய ஆலை என்றால் நூற்றுக்கணக்கில், உலைக்குள் தொங்கவிட்டு வெளியிலிருந்து எரிக்கிறோம். விறகடுப்புச் சமையல்தான். எரித்த சூட்டில் ஏறக்குறையப் பாதிதான் வினைக்குப் போகிறது. மீதி புகையோடு போகிறது. சரி, அதில் நீராவி காய்ச்சிக்கொள்கிறார்கள், முழுக்க வீணில்லை.

உலைச் சுவரில் சின்னப் பார்வைத்துளை இருக்கும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஒழுங்கான குழாய் பக்கத்துக் குழாயைப் போலவே சிவந்திருக்கும். நீராவி குறைந்து உள்ளே கரி படிந்த குழாயிலோ வரி வரியாகப் பளிச்சென்று தெரியும். அனுபவசாலி ஆபரேட்டர் ஒரு பார்வையிலேயே சொல்லிவிடுவார். ஏன் இவ்வளவு கவலை? குழாயின் சூடு 20 டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகும் என்பது ஆலைக்காரர்களின் கணக்கு. மறுபடியும் சொல்கிறேன், சிக்கல் வினையில் இல்லை, சூட்டை உள்ளே கொண்டுபோவதில்.

அதனால்தான் 2019இல் டென்மார்க்கில் டாப்ஸோ நிறுவனத்தாரும் ஆய்வாளர்களும் காட்டியது எனக்குப் பிடித்தது. குழாய்ச் சுவரிலேயே மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். வினையூக்கியை உள்சுவரில் மெல்லிய படலமாகப் பூசினார்கள். சூடு பிறக்கும் இடத்திலேயே வினை நடக்கிறது, தீயே வேண்டாம். வினை நடக்கும் கலனின் கொள்ளளவு நூறு மடங்கு வரை சுருங்கலாம் என்றார்கள். ஆனால் அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால் என்ன லாபம்? அது வேறு சண்டை.

அப்புறம் இதற்கு நேரெதிர்ச் சிக்கல். முதலில் சொன்ன ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு கலவையை டீசலாக மாற்றும்போது சூடு பொங்கும். அதை வெளியே இழுக்க வேண்டும். கத்தாரின் பேர்ல் ஆலையில் இதற்காக 24 கலன்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 29,000 குழாய்கள். எண்ணெய்க் கிணற்றில் வீணாக எரியும் கொஞ்ச வாயுவுக்கு இவ்வளவு பெரிய ஆலை கட்டுப்படியாகாது. அதற்குத்தான் நுண்தடக் கலன்கள், அதாவது மில்லிமீட்டர் அளவுத் தடங்கள் கொண்ட சின்னக் கலன்கள். மீத்தேனை ஆக்ஸிஜனோடு சேர்த்து, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீனாக நேரடியாக்கும் வழியும் இருக்கிறது, 1982இலிருந்து முயல்கிறார்கள்... கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒரே வரி: ஆக்ஸிஜன் அதிகமானால் எத்திலீனும் எரிந்துபோகும், அதனால் ஆக்ஸிஜனைச் சவ்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்க்கிறார்கள். வணக்கம்.