போர் போடாமலே தண்ணீர் வரும் பாறை: வர்க்கலா போய் வந்த கதை

[காட்சி: திருச்செங்கோட்டில் சாலையோரம் வரிசையாக நிற்கும் போர்வெல் லாரிகள்]

வணக்கம். கடற்கரைப் பாறை என்று தலைப்புப் போட்டுவிட்டு ரிக் வண்டியைக் காட்டுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது வருடம் இந்த வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றிய என் மாமாவை அழைத்துக்கொண்டுதான் வர்க்கலாவுக்குப் போனேன். அந்தப் பாறையை எனக்குப் புரியவைத்தவரும் அவர்தான்.

வர்க்கலா, திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. கோவையிலிருந்து ரயிலில் 350 கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருவனந்தபுரம் செல்லும் வண்டிகளில் பல ‘வர்க்கலா சிவகிரி’ நிலையத்தில் நிற்கும். எல்லாமே நிற்காது, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து ஆட்டோவில் சிறிது நேரத்தில் கடல்.

[காட்சி: செங்குத்தான செந்நிறச் சுவர், அடியில் மணல், அதையடுத்து அலை]

கேரளத்தின் தென்கரை பெரும்பாலும் தட்டையானது. தென்னை, மணல், கடல், அவ்வளவுதான். இங்கே மட்டும் நிலம் திடீரென்று உயர்ந்து, கத்தியால் வெட்டியதுபோல் கடலோரத்தில் நின்றுவிடுகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது.

படியிறங்கியதும் எல்லோரும் கடலைப் பார்த்து ஓட, மாமா சுவரைப் பார்த்து நடந்தார். கட்டைவிரல் நகத்தால் கீறினார். மஞ்சள் பொடி உதிர்ந்தது. “மாப்பிள்ளை, இதைப் போய்ப் பாறை என்கிறார்களே! இதில் போர் போட்டால் அடிவரைக்கும் கேசிங் பைப் இறக்க வேண்டும்” என்றார்.

சரியாகத்தான் சொன்னார். கேசிங் என்பது துளை சரிந்துவிடாமல் இருக்க உள்ளே இறக்கும் குழாய். நம் பக்கம் முதலில் கொஞ்சம் மண்ணுக்குத்தான் கேசிங். அதன் பிறகு கருங்கல் தானே நிற்கும். சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகளில் பல சுமார் 250 கோடி ஆண்டு வயதானவை. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. வர்க்கலா சுவரோ நீர் கொண்டுவந்து படியவைத்த மணலும் களிமண்ணும். இரண்டரைக் கோடி ஆண்டுகளைத் தாண்டாதது. நம் கல்லோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை.

[காட்சி: சுவரின் அடுக்குகள், கேமரா மேலிருந்து கீழே மெதுவாக இறங்குகிறது]

உச்சியில் இருப்பது செம்புறாங்கல். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நாட்டில், மண்ணிலுள்ள சிலிக்கா கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் தங்கி உருவாவது. பூமிக்குள் இருக்கும்போது கோடாரியால் வெட்டலாம். காற்றுப் பட்டால் இறுகிவிடும். அதனால்தான் கேரளத்தில் வெட்டுக்கல் என்று வீடு கட்டுகிறார்கள். இதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டவர், ஆங்கிலக் கம்பெனிக்காக நாட்டைச் சுற்றி ஆய்வு செய்த பிரான்சிஸ் புக்கானன்; லத்தீனில் செங்கல் என்று பொருள். 1800-ல் நம் ஈரோடு, கோவை வழியாக வந்து பாலக்காட்டைக் கடந்து மலபாருக்குள் போனவர். கருங்கல் நாட்டைப் பார்த்த கண்ணுக்கு இந்தச் சிவப்புக் கல் விசித்திரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

செம்புறாங்கல் முழுக்கத் துளைகள். மழைநீர் அதில் இறங்கி, கீழேயுள்ள மணற்கல்லையும் கடந்து, களிமண் அடுக்கில் வந்து முட்டுகிறது. களிமண் தண்ணீரை விடாது. வேறு வழியில்லாமல் தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, சுவர் வெட்டுப்பட்ட இடத்தில் ஊற்றாகக் கொட்டுகிறது. ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராமல் தூசி மட்டும் புகையாய்ப் பறந்த காடுகளைப் பார்த்துப் பழகிய மாமா, அந்த ஊற்றின் கீழே கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

இந்த ஊற்றுத்தான் சுவருக்கு எமனும்கூட. உள்ளே ஈரம் ஊறி இளக, அடியில் அலை அரிக்க, மேல்பகுதி சரிந்து விழுகிறது. நிழல் கிடைக்கிறதே என்று சுவரை ஒட்டித் துண்டு விரித்துப் படுக்காதீர்கள். உச்சியில் கடைகளை ஒட்டிப் போகும் நடைபாதையிலும் விளிம்பில் நின்று செல்ஃபி வேண்டாம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கடல் கொந்தளிக்கும்; நவம்பருக்கு மேல் போவதே நல்லது.

[காட்சி: பாபநாசம் கரையில் தர்ப்பணம் கொடுக்கும் குடும்பங்கள்]

ஆனால் கூட்டம் அலைமோதும் ஒரு நாள் அந்த மழைக்காலத்தில்தான் வரும். நமக்கு ஆடி அமாவாசை என்றால் பவானி கூடுதுறை, பேரூர் நொய்யல். அதே அமாவாசை அவர்களுக்குக் கர்க்கடக வாவு. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க, சுவருக்குக் கீழே உள்ள இந்தப் பாபநாசம் கரைக்கு வருகிறார்கள். மேலே ஜனார்த்தன சுவாமி கோயில். நாரதர் எறிந்த வற்கலை, அதாவது மரவுரி, விழுந்த இடம் என்பதால் வர்க்கலா என்று பெயர்க்கதை சொல்வார்கள்.

ஊருக்குள் சிவகிரி மடம். கேரளத்தின் துறவியும் சமூகச் சீர்திருத்தவாதியுமான நாராயண குரு 1912-ல் சாரதா கோயிலை நிறுவியதும், 1928-ல் சமாதியானதும் இங்கேதான். டிசம்பர் கடைசியில் மஞ்சள் உடுத்திய யாத்திரிகர்கள் வருவார்கள். குன்றின் அமைதிக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

எனக்குப் பிடித்தது வேறு. கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே படகு விட வெட்டிய கால்வாய்க்கு இந்த மேட்டுநிலம் குறுக்கே நின்றது. சுற்றிப் போக முடியாமல், திருவிதாங்கூர் அரசு 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு சுரங்கங்களைக் குடைந்து படகு விட்டது. தெற்கே அஞ்சுதெங்கில் ஆங்கிலக் கம்பெனி 1690-களில் கட்டிய சிறு கோட்டை இருக்கிறது. அரை மணி நேரம் போதும். வடக்கே காப்பிலில் காயலும் கடலும் சந்திக்கும் இடத்தை மாலை வெயிலில் பாருங்கள்.

[காட்சி: ரயில் ஜன்னலோரம் ஒரு தண்ணீர் பாட்டில், வெளியே பாலக்காட்டுக் கணவாய்]

மாமா ஊற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தார். வீட்டில் அத்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டார்: “எத்தனை அடியில் கிடைத்தது?”

“தலைக்கு மேலே நாலடியில்” என்றார் மாமா.