480-ஐ விட 1.5 எப்படி வேகமாகும்? பழைய டிஸ்க் வேகக் கணக்கு

வணக்கம். மேசையில் இருப்பவற்றை முதலில் காட்டிவிடுகிறேன். இது 40 ஜிகாபைட் ஐடிஇ ஹார்ட் டிஸ்க், அதாவது அகலமான பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை. மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் "அல்ட்ரா ஏடிஏ 133" என்று இருக்கிறது. இது சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, பழைய டிஸ்க்கை யுஎஸ்பி போர்ட்டில் இணைக்கும் யுஎஸ்பி 2.0 அடாப்டர்; அட்டைப்பெட்டியில் 480 என்று போட்டிருக்கிறார்கள். இந்த மூன்றாவது, ஐடிஇ-க்கு அடுத்து வந்த சாட்டா வகையின் முதல் தலைமுறை டிஸ்க், இதில் 1.5. மூன்று எண்களும் இணைப்பில் தகவல் போகக்கூடிய உச்ச வேகத்தைச் சொல்பவை.

எண்களை மட்டும் பார்த்தால் 480-க்குத்தான் முதலிடம். உண்மையில் வரிசை அப்படியே தலைகீழ். 1.5 முதலில், 133 அடுத்து, 480 கடைசி. மூன்றையும் "ஒரு நொடிக்கு எத்தனை மெகாபைட்" என்ற ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால் இது விளங்கிவிடும்.

480 என்பது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 480-ஐ 8-ஆல் வகுத்தால் 60 மெகாபைட். பெட்டியில் ஆங்கில 'பி' சிறிய எழுத்தாக இருந்தால் பிட், பெரிய எழுத்தாக இருந்தால் பைட். வாங்கும்போது அந்த ஒற்றை எழுத்தை உற்றுப் பாருங்கள்.

1.5 என்பது ஜிகாபிட், அதாவது 1500 மெகாபிட். இதையும் 8-ஆல் வகுத்து 187.5 என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. சாட்டாவில் ஒவ்வொரு எட்டு பிட் தகவலும் பத்து பிட்டாக மாற்றப்பட்டுத்தான் கம்பியில் போகிறது. பெறும் பக்கம் தாளம் தவறாமல் படிப்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே 10-ஆல் வகுக்க வேண்டும்: 150 மெகாபைட். பிறகு வந்த 3 ஜிகாபிட் சாட்டா 300, 6 ஜிகாபிட் சாட்டா 600.

133-க்கு வகுத்தலே வேண்டாம்; அது ஏற்கெனவே மெகாபைட்தான். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தப் பட்டைக் கேபிளைப் பாருங்கள். இதில் தகவலுக்கென்று 16 கம்பிகள். ஒரே நேரத்தில் 16 பிட், அதாவது 2 பைட் போகும். 15 நானோநொடிக்கு (ஒரு நொடியில் நூறு கோடி நானோநொடி) ஒரு முறை என்று கணக்கிட்டால், நொடிக்கு 133.3 மெகாபைட். அதுவே 60 நானோநொடி என்றால் 33.3. அதற்கு முந்தைய அல்ட்ரா ஏடிஏ 33 என்ற வகையின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். 66, 100 என்று மற்றவற்றையும் இப்படியே போட்டுப் பார்க்கலாம்.

கேபிளை இன்னும் பக்கத்தில் காட்டுகிறேன். பின் துளைகள் 40-தான். ஆனால் கம்பிகள் 80. கூடுதல் 40-ம் தரைக்கம்பிகள். ஒரு கம்பியின் சமிக்ஞை பக்கத்துக் கம்பியைக் குழப்பாமல் தடுப்பவை. பழைய 40 கம்பிக் கேபிளை மாட்டினால், டிஸ்க்கில் 133 என்று இருந்தாலும் 33-க்கு மேல் போகாது. நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டர், அதாவது முதன்மை டிஸ்க்குக்கு.

ஃபிளாப்பி பற்றியும் ஒரு வார்த்தை. அதன் வேகம் 500 கிலோபிட், அதாவது 62.5 கிலோபைட். "1.44 மெகாபைட்" என்ற அளவு மட்டும் கலப்படக் கணக்கு; கம்ப்யூட்டரில் சில இடங்களில் கிலோவை 1024 என்றும் எடுப்பார்கள். மொத்தம் 14,74,560 பைட். 1000-ஆல் ஒரு முறையும் 1024-ஆல் ஒரு முறையும் வகுத்தால்தான் 1.44 வரும். வேகத்தைச் சொல்லும்போது இந்தக் குழப்பம் வேண்டாம்: கிலோ என்றால் 1000, மெகா என்றால் பத்து லட்சம். இந்த 40 ஜிகாபைட் டிஸ்க்கை விண்டோஸ் 37.2 என்று காட்டுவதும் 1024 கணக்கால்தான். இடம் எதுவும் குறையவில்லை.

இந்தக் கணக்கை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறோம். அதற்குள் கல்யாணப் படங்களும், தாத்தா பாட்டியின் குரல் பதிவுகளும் இருக்கும். தயவுசெய்து முதலில் நகலெடுங்கள். இந்த அடாப்டரில் 60 மெகாபைட் முழுதாகக் கிடைக்காது. 30 கிடைத்தாலும் 40 ஜிகாபைட்டை 22 நிமிடத்தில் எடுத்துவிடலாம். அதே அடாப்டரைப் பழைய யுஎஸ்பி 1.1 போர்ட்டில் செருகினால் 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட்தான். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே நகலெடுக்கும் வேகம் ஒரு மெகாபைட்டை ஒட்டியே நின்றால், டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் போர்ட்டை மாற்றிப் பாருங்கள்.